மணல் லாரி பற்றி ஒரு கேம்: அரசியலை ஆட்டத்தின் விதிக்குள் கொண்டுவருவது எப்படி?

கரைமேடு (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ஆற்று மணல் கொள்ளையை வைத்து, உலாவியிலேயே ஆடக்கூடிய சின்ன கேம் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். மூன்று பேர்: நிரலுக்கு ஒருவர், படத்துக்கு ஒருவர், எழுத்துக்கு ஒருவர். கால் மணி நேரத்தில் ஆடி முடிக்கிற அளவு, தமிழில் மட்டும்.

இப்போதுள்ள வடிவில் ஆடுபவர் ஊர் இளைஞர். ராத்திரி ஆற்றுக்குள் இறங்கும் லாரிகளை நிறுத்த வேண்டும். டயரில் காற்றைப் பிடுங்கலாம், பாதையில் கல்லைப் போடலாம். நிறுத்திய ஒவ்வொரு லாரிக்கும் 10 புள்ளி. நடுவில் நிலத்தடி நீரைப் பற்றி நான்கு வரி வந்து போகும். ஆடிப் பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் அந்த வரிகளை யாரும் படிப்பதில்லை. "இன்னும் நிறைய லாரி விடுங்க" என்பதுதான் அதிகம் வரும் கருத்து. மணலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். சொல்ல வந்ததை எழுத்தில் திணிக்காமல் ஆட்டத்துக்குள்ளேயே வைப்பது எப்படி? இந்த மாதிரி கேமை ஆப் கடைகள் தூக்கிவிடுமா, தூக்கினால் என்ன வழி? கடைசியாக, கேம் செய்யப் பயன்படுத்தும் கோடாட் என்ற மென்பொருளின் 3.5 பதிப்பில் தமிழ் உடைகிறது. 'கெ' எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. இணையத்துக்கு ஏற்றினால் சில கைபேசிகளில் வெறும் கட்டம்தான் வருகிறது.

---

நிழல்நிரல்

உங்கள் கேம் இப்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: லாரி வந்தால் நல்லது. லாரிக்கு 10 புள்ளி என்றால், லாரி வருவது நின்றுபோவதுதான் ஆடுபவருக்கு நஷ்டம். "இன்னும் லாரி விடுங்க" என்று கேட்டவர்கள் கேமைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். நான்கு வரி நாற்பது வரியானாலும் அந்த 10 புள்ளிதான் ஜெயிக்கும்.

அதனால் முதலில் ஆடுபவர் யார் என்பதை மாற்றுங்கள். லூகாஸ் போப் 2013-இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமை இதற்காகவே ஒரு முறை ஆடிப் பார்க்க வேண்டும். அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நீங்கள் ஒரு சாதாரண ஊழியர். ஒவ்வொரு ஆளின் தாள்களையும் பார்த்து முத்திரை குத்த வேண்டும். சரியாகப் பார்த்த ஆளுக்கு 5 கிரெடிட். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கைச் சீட்டு, மூன்றாவதிலிருந்து அபராதம். சாயங்காலம் வாடகை, சாப்பாடு, குளிர்காயும் செலவு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் மருந்து. ஆரம்ப நாட்களிலேயே ஒரு கணவன் வருவான், தாள் எல்லாம் சரியாக இருக்கும், அடுத்து என் மனைவி வருகிறாள் என்பான். அவளிடம் நுழைவு அனுமதி இருக்காது. அன்று எச்சரிக்கை மீதம் இருந்தால் அவளை விடுவதற்குச் செலவில்லை. இரண்டையும் முன்பே செலவழித்துவிட்டீர்களா, உங்கள் வீட்டுச் சாப்பாட்டிலிருந்துதான் அந்த இரக்கத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். சர்வாதிகாரம் சாதாரண ஆளை எப்படி வேலை வாங்குகிறது என்பது அந்த மூன்றாவது சீட்டில் இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது லாரி ஓட்டுநர். எண்களை இப்படி வைத்துத் தொடங்கலாம் (எல்லாம் ஆட்டக் கணக்கு, வெளியே யாரும் இதைச் சான்றாக எடுக்கக் கூடாது): அரசு குவாரியில் வரிசையில் நின்றால் நாளுக்கு ஒரு நடை, 600 ரூபாய். வாரத்துக்கு 7 நடை, 4,200. வண்டிக் கடன் வாரம் 4,200. வீட்டுச் செலவு நாளுக்கு 300, வாரத்துக்கு 2,100. அதாவது நேர்மையாக ஓட்டினால் கடன் மட்டும் கட்டலாம், அடுப்பு எரியாது. ராத்திரி ஆற்றில் இறங்கினால் நடைக்கு 700. ஆக, வாரத்துக்கு மூன்று ராத்திரி இறங்கினால் கணக்கு துல்லியமாக நேராகும்.

இப்போது கிணறு. ஓட்டுநர் வீட்டுப் பின்கட்டிலேயே வையுங்கள், தொடக்கத்தில் 20 அடித் தண்ணீர். ஒவ்வொரு திருட்டு நடைக்கும் 1 அடி இறங்கும், ஆனால் மூன்று ராத்திரி கழித்து. மற்ற லாரிகள் கணக்கில் வாரத்துக்கு இன்னும் 1 அடி. வாரம் மூன்று நடை ஓட்டினால் மொத்தம் 4 அடி, ஐந்து வாரத்தில் கிணறு காலி. மழை பன்னிரண்டாவது வாரம். எந்தத் திரையிலும் 'நிலத்தடி நீர்' என்ற சொல்லே வேண்டாம். வாளிக் கயிறு நாளுக்கு நாள் நீண்டு இறங்குவதைக் காட்டினால் போதும்.

அந்த மூன்று ராத்திரித் தாமதத்தை எடுத்துவிடாதீர்கள். உடனே இறங்கினால் ஆடுபவர் தண்டனை என்று புரிந்துகொண்டு நிறுத்திவிடுவார். தாமதமாக இறங்கினால்தான், காரணம் தெரிவதற்குள் இன்னும் இரண்டு நடை ஓடியிருக்கும்.

நிரலைத் தொடும் முன் காகிதத்தில் ஆடுங்கள். ஒரு கட்டம் போட்ட தாள், புளியங்கொட்டை 20 (தண்ணீர்), பொய்ப் பணம். ஒருவர் ஆட, ஒருவர் கணக்குப் பார்க்க, நான்கு வாரத்தை அரை மணியில் ஓட்டிவிடலாம். பிறகு மூன்று முட்டாள் வழிகளைச் சோதியுங்கள்: எப்போதும் இறங்குபவர், ஒருபோதும் இறங்காதவர், கணக்கு பார்த்து மூன்று ராத்திரி மட்டும் இறங்குபவர். ஒருபோதும் இறங்காதவர் சுலபமாக ஜெயித்தால், உங்கள் கேம் 'ஓட்டுநர் நல்லவனாக இருந்தால் போதும்' என்கிறது. அது உங்கள் கருத்துதானா என்று மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ஜெயிக்கும் வழி எதுவோ அதுதான் கேமின் அரசியல்.

---

பழைய கன்சோல்

மேலே சொன்னதற்கு வரலாற்றில் ஒரு நல்ல சான்று உண்டு. 2003-இல் அமெரிக்காவில் 'க்வெஸ்ட் ஃபார் சதாம்' என்று ஒரு சுடும் கேம் வந்தது. பெயரே கதையைச் சொல்லும். 2006-இல் ஓர் இஸ்லாமியத் தீவிரவாதப் பிரச்சாரக் குழு அதையே எடுத்து, முகங்களை மாற்றி, புஷ்ஷைத் தேடிச் சுடுவதாக வெளியிட்டது. சுவரில் படம், சுடப்படும் முகம், பின்னணிப் பாட்டு மாறின. நடப்பது, குறிவைப்பது, சுடுவது அப்படியே இருந்தன. எதிரெதிர் அரசியலுக்கு ஒரே விதி எந்தச் சிரமமும் இல்லாமல் பொருந்தியது என்றால், அந்த விதிக்குள் இரண்டு அரசியலுமே இல்லை. உங்கள் முதல் வடிவத்தில் லாரியை எடுத்துவிட்டுப் போலீஸ் ஜீப்பை வைத்தால், மணல் கடத்துபவருக்கான கேமாகிவிடும். இந்தச் சோதனையை எந்த வடிவத்துக்கும் செய்து பாருங்கள்: படங்களை மாற்றினால் எதிரணி அதே கேமை வெளியிட முடியுமா?

அந்தச் சங்கிலி அங்கே முடியவில்லை. ஈராக்கில் பிறந்த கலைஞர் வஃபா பிலால் அதை மூன்றாம் முறை மாற்றி, தன்னையே ஒரு பாத்திரமாக உள்ளே வைத்து 2008-இல் 'வர்ச்சுவல் ஜிஹாதி' என்று காட்சிக்கு வைத்தார். அவருடைய தம்பி அமெரிக்கத் தாக்குதலில் இறந்தவர். நியூயார்க் மாநிலம் டிராய் நகரில் இருந்த பல்கலைக்கழகம் காட்சியை மூடியது. அதே ஊரில் வேறோர் அரங்குக்கு மாற்றினார்கள். கட்டட விதிமீறல் என்று சொல்லி நகர நிர்வாகம் அந்த அரங்கையும் மூடியது.

தாமதம் பற்றி நிழல்நிரல் சொன்னதற்கு மூலம் போல இருப்பது உருகுவே நாட்டு கோன்சாலோ ஃப்ராஸ்கா குழுவின் 'செப்டம்பர் 12' (2003). ஒரு மத்திய கிழக்கு ஊர் மேலிருந்து தெரியும். சந்தையில் மக்கள், அவர்களுக்கிடையே துப்பாக்கிக்காரர்கள். உங்களிடம் இருப்பது ஏவுகணை ஒன்றுதான். சொடுக்கியதும் விழாது, சற்று நேரம் ஆகும். அதற்குள் குறிவைத்த ஆள் நகர்ந்திருப்பான், வேறு யாரோ சாவார்கள். பிணத்தின் அருகே ஒருவர் உட்கார்ந்து அழுவார், அழுகை முடிந்ததும் துப்பாக்கிக்காரராக மாறி எழுவார். சுடச்சுட ஊரே துப்பாக்கியாகும். சுடாமல் விட்டால் அவர்கள் பெருகுவதில்லை. வெற்றியும் கிடையாது தோல்வியும் கிடையாது. இதில் முகங்களை மாற்றி வேறு அரசியல் செய்ய முடியாது, ஏனென்றால் வாதம் அந்த ஒரு வினாடித் தாமதத்திலும் அழுகையிலும் இருக்கிறது.

அரசுகளும் இதை நன்றாகப் புரிந்தே செய்கின்றன. அமெரிக்க ராணுவம் 2002 ஜூலை 4 அன்று இலவசமாக வெளியிட்ட 'அமெரிக்காஸ் ஆர்மி'யில் இரண்டு அணி மோதும்போது, இரு அணியினருக்கும் தங்கள் பக்கம் அமெரிக்கச் சிப்பாயாகவே தெரியும், எதிரணிதான் எதிரி உடையில் தெரியும். உலகில் யார் ஆடினாலும் அமெரிக்கப் படைக்கு எதிராக ஆட வழியே இல்லை. வசனம் எதுவும் இல்லாமல் ஒரு காட்சி விதியால் செய்த பிரச்சாரம் இது. 2022 வரை நடத்தினார்கள்.

அதற்குள் நுழைந்து எதிர்த்தவரும் உண்டு. ஜோசப் டிலாப் என்ற கலைப் பேராசிரியர் 2006 மார்ச்சில் 'டெட்-இன்-ஈராக்' என்ற பெயரில் உள்ளே போய், ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு, ஈராக்கில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் பெயர், வயது, படைப்பிரிவு, இறந்த தேதி ஆகியவற்றை அரட்டைப் பெட்டியில் தட்டிக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் சுடுவார்கள், திரும்ப உயிர்த்து வந்து அடுத்த பெயரைத் தட்டுவார். இதற்கு ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. மூன்று பேர் சேர்ந்து கேம் செய்ய வசதியில்லாதவர்கள் யாராவது இதைப் படித்தால் கவனிக்கவும்.

---

வெள்ளாமை

நிழல்நிரல் கொடுத்த கணக்கில் எனக்கு ஒரு பெரிய மறுப்பு. நான் இறங்கினாலும் கிணறு வற்றும், இறங்காவிட்டால் கடன் மூழ்கடிக்கும் என்றால், கால் மணி நேர முடிவில் ஆடுபவர் எடுத்துப்போவது 'ஒன்றும் செய்ய முடியாது' என்பதுதான். மணல் அள்ளுபவர்களுக்கு இதைவிட வசதியான முடிவு கிடையாது. தனி ஆளின் முடிவாக மட்டும் வடிவமைத்தால் இப்படித்தான் ஆகும்.

ஊரில் நடப்பதையும் விதியாக்குங்கள். ஒரு ராத்திரியைச் சம்பாதிக்காமல் பக்கத்து ஓட்டுநரோடு பேசச் செலவழிக்கலாம். மூன்று ஓட்டுநர் ஒத்துக்கொண்டால் மற்ற லாரிகளின் 1 அடி அரை அடியாகட்டும். மே 1 கிராம சபையை நாட்காட்டியில் ஒரு சிவப்புக் கட்டமாக வையுங்கள். அன்று தீர்மானம் போட, அதற்கு முன் குறைந்தது நான்கு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போன ஒவ்வொரு வீடும் ஒரு நடைக்கூலி நஷ்டம். தீர்மானம் போட்டாலும் லாரி உடனே நிற்கக் கூடாது, குவாரி வரிசை குறைந்து நாளுக்கு இரண்டு நடை கிடைக்கும் வாய்ப்பு திறக்கட்டும். கஷ்டமாக இருக்கட்டும், ஆனால் வழி இருக்கட்டும்.

'பீஸ்மேக்கர்' (2007) இதை ஓரளவு செய்தது. இஸ்ரேல் பிரதமராகவோ பாலஸ்தீன அதிபராகவோ ஆடலாம். இரு மக்களின் நம்பிக்கைக்கும் தனித்தனி அளவுகோல். ஒன்றை மட்டும் ஏற்றினால் ஆட்டம் கவிழும், இரண்டும் சேர்ந்து ஏற வேண்டும். இரு பக்கமும் சமபலம் உள்ளது போல அந்த இரட்டை அளவுகோல் காட்டிவிடுகிறது என்பது அதன் பெரிய குறை. உங்கள் கேமிலும் ஓட்டுநருக்கும் குவாரி குத்தகைதாரருக்கும் ஒரே அளவு பொத்தான் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. அரசியல் என்றாலே துப்பாக்கியும் சோதனைச் சாவடியும் என்று போகிறது பேச்சு. 2023-இல் டொரண்டோ குழு வெளியிட்ட 'வெண்பா' இட்லித் தட்டை அடுக்குவதை வைத்தே புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைப் பற்றிப் பேசியது. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்திருக்கும். தட்டின் ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் அடுக்கினால்தான் ஆவி மேலே ஏறும். அதை ஆடுபவர் தானே கண்டுபிடிக்க வேண்டும். எது கைமாறும், எது வழியில் தொலையும் என்பது அந்தக் கிழிந்த பக்கத்தில் இருக்கிறது. மறு ஆண்டு பாஃப்டாவில் (பிரிட்டனின் திரை, கேம் விருது) அறிமுக கேமுக்கான விருது வாங்கியது. உங்கள் வாளிக் கயிறு அந்த அளவுக்கு வர முடியும்.

---

தடைதாண்டி

கடைகள் பற்றி. தூக்குவார்களா என்றால், தூக்கியிருக்கிறார்கள். எந்த விதியைக் காட்டித் தூக்கினார்கள் என்பதைப் பார்த்து வையுங்கள்.

மோல்இண்டஸ்ட்ரியா என்ற இத்தாலிய கேம் குழுவின் 'ஃபோன் ஸ்டோரி' (2011) கைபேசி எப்படி உருவாகிறது என்பதை, காங்கோ சுரங்கச் சிறுவர்கள் முதல் சீனத் தொழிற்சாலைத் தற்கொலைகள் வரை, குட்டி ஆட்டங்களாகக் காட்டியது. ஆப்பிள் கடையில் அறிவிப்பு வந்த சில மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். குழந்தைகள் மீதான வன்முறை, ஆட்சேபத்துக்குரிய உள்ளடக்கம் ஆகியவற்றோடு நன்கொடை விதிகளையும் காரணம் காட்டினார்கள். ஆண்ட்ராய்டில் கிடைத்தது. நீங்கள் 'வருமானம் இயக்கத்துக்கு' என்று எழுத நினைத்தால் கடையின் நன்கொடை விதியை முதலில் படியுங்கள். அரசியலைத் தொடாமலே உங்களைத் தூக்க அந்த ஒரு வரி போதும்.

சிரியப் போர் பற்றிய 'எண்ட்கேம்: சிரியா'வை 2013 தொடக்கத்தில் ஆப்பிள் மறுத்தது. உண்மையான அரசையோ நிறுவனத்தையோ மட்டும் எதிரியாகக் குறிவைக்கக் கூடாது என்ற விதி. கடைசியில் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு 'எண்ட்கேம்: யூரேசியா' என்று விட்டார்கள். சிரியா இல்லாத சிரியா கேம். அதைவிடக் கடைக்கே போகாமல் இருந்திருக்கலாம் என்பது என் கருத்து.

தைவானின் 'டிவோஷன்' (2019 பிப்ரவரி) என்ற திகில் கேமின் கதையில் சீன அரசியலே கிடையாது. சுவரில் ஒட்டிய ஒரு தாயத்துத் தாளில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கையும், அவரைக் கிண்டல் செய்யப் பயன்படும் கார்ட்டூன் கரடி வின்னி த பூவையும் சேர்த்து எழுத்து இருந்தது. தற்காலிகமாக வைத்த படம் வெளியீட்டிலும் தங்கிவிட்டது என்றார்கள். ஒரு வாரத்துக்குள் ஸ்டீம் என்ற கணினி கேம் கடையிலிருந்து போனது. 2020 டிசம்பரில் ஜிஓஜி என்ற இன்னொரு கடை வெளியிடுவதாக அறிவித்து அதே நாளில் பின்வாங்கியது. 2021 மார்ச்சில் தங்கள் சொந்தத் தளத்தில் விற்கத் தொடங்கினார்கள். பாடம்: வெளியிடும் முன் ஒவ்வொரு படக் கோப்பையும் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். லாரி எண் பலகை, கட்சிக்கொடி நிறம், சுவர் விளம்பரப் பெயர், எல்லாமே. உண்மையான பதிவு எண் ஒன்று தற்செயலாக விழுந்துவிட்டால் அது யாரோ ஒருவருடைய வண்டி.

நம் ஊர்ச் சட்டத்தில் இரண்டைக் கவனியுங்கள். அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவு. உண்மையும் பொதுநலமும் சேர்ந்தால் விலக்கு உண்டு, ஆனால் அதை நீதிமன்றத்தில் நிறுவுவது உங்கள் வேலை. எனவே ஆள், ஊர், ஆறு எல்லாம் கற்பனைப் பெயர். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவில் மத்திய அரசு தளங்களையும் செயலிகளையும் முடக்கலாம். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை முடக்கியது அதன் கீழ்தான்.

வழி: ஆப் கடையை நம்பாமல் உலாவி வடிவத்தையே மூலமாக வையுங்கள். சிறு கேம்களை யாரும் ஏற்றக்கூடிய இட்ச் தளத்தில் ஒன்று, சொந்தத் தளத்தில் ஒன்று, தரவிறக்க ஜிப் ஒன்று. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு 2020 மார்ச் 12 அன்று கட்டைகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் கேமுக்குள் ஒரு நூலகம் கட்டி, தடைசெய்யப்பட்ட கட்டுரைகளை ஆட்டத்துப் புத்தகங்களாக வைத்தது. சர்வரில் போய்ப் படிக்கலாம், முழு வரைபடத்தையும் இறக்கிக்கொள்ளலாம். இறக்கியவர் கையில் இருக்கும் நகலை யாரும் திரும்ப வாங்க முடியாது.

---

துணைக்கால்

எழுத்துச் சிக்கலுக்கு வருகிறேன். கோடாட் 3-இல் எழுத்துக் கோர்ப்பு (எழுத்தையும் கொம்பு, கால் போன்றவற்றையும் சரியான இடத்தில் சேர்ப்பது) கிடையாது. குறியீடு வந்த வரிசையிலேயே வரைகிறது, அதனால்தான் கொம்பு பின்னால் போகிறது. திருத்த முயல வேண்டாம், கோடாட் 4-க்கு மாறுங்கள், அதில் இந்தக் கோர்ப்பைச் செய்யும் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கிறது. மாற்றும் கருவி பாதி வேலைதான் செய்யும். 'யீல்டு' எல்லாம் 'அவெய்ட்' ஆகும், சில கணுக்களின் பெயர் மாறும். உங்கள் அளவு கேமுக்குப் புதிதாகத் தொடங்கிக் காட்சிகளை நகலெடுப்பதே வேகம். சி ஷார்ப்பில் எழுதாதீர்கள், கோடாட் 4-இல் அதை இணையத்துக்கு ஏற்றுமதி செய்ய முடியாது.

கட்டம் வருவதற்குக் காரணம் எழுத்துரு. கருவியில் இருக்கும் தமிழ் எழுத்துருவை இணைய வடிவம் தானாக எடுத்துக்கொள்ளாது. நோட்டோ சான்ஸ் தமிழ் கோப்பைத் திட்டத்துக்குள் போட்டு, தீமில் இயல்பு எழுத்துருவாக வையுங்கள். உரிமம் தாராளமானது. 24 பிக்சலுக்குக் கீழே போனால் கைபேசியில் 'ண', 'ன' வித்தியாசம் போய்விடும்.

வசனம் ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும்படி வைத்திருந்தால் இன்னொரு கோளாறு வரும். 'கொ' வர வேண்டிய இடத்தில் முதலில் 'க' தோன்றி, பிறகு முன்னால் கொம்பு முளைக்கும், வரியும் குதிக்கும். லேபிளில் 'விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர்' என்பதை 'கேரக்டர்ஸ் ஆஃப்டர் ஷேப்பிங்' என மாற்றினால் தீரும்.

ஏற்றுமதியில் கம்பாட்டிபிலிட்டி ரெண்டரர் மட்டுமே இணையத்தில் ஓடும். 4.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் திரெட் வசதியை அணைத்து ஏற்றுமதி செய்யுங்கள். இல்லையென்றால் சர்வரில் தனித் தலைப்புகள் கேட்கும், சொந்தத் தளத்தில் கறுப்புத் திரைதான். ஜிப்பில் 'இண்டெக்ஸ்' கோப்பு மேல்மட்டத்திலேயே இருக்க வேண்டும், உள் அடைவில் போனால் இட்ச் எடுக்காது.

இவ்வளவும் வேண்டாமென்றால் ட்வைன், கிளைக்கதை கேம் செய்யும் இலவசக் கருவி. ஒரே எச்டிஎம்எல் கோப்பு, தமிழை உலாவியே பார்த்துக்கொள்ளும், பென் டிரைவில் கொடுக்கலாம். மாறிகளின் பெயரை மட்டும் ரோமன் எழுத்தில் வையுங்கள். நடை, கடன், கிணறு, ராத்திரி என்று நான்கு மாறிதான் உங்களுக்குத் தேவை.

---

கரைமேடு

எல்லோருக்கும் நன்றி. ஓட்டுநர் வடிவத்தை ட்வைனில் முதலில் செய்கிறோம், வெள்ளாமை சொன்ன கிராம சபையோடு. ஒரு சந்தேகம்: லாரி பிடிபடும் வாய்ப்பை எவ்வளவு வைப்பது? ராத்திரிக்கு பத்தில் ஒன்று என்று நினைத்தோம்.

---

நிழல்நிரல்

பத்தில் ஒன்று வைத்தால் வாரம் மூன்று நடைக்கு நான்கு வாரம் பிடிபடாமல் ஓட்ட 28 சதவீத வாய்ப்புதான். முக்கால்வாசிப் பேருக்குக் கிணறு வற்றும் முன்பே வண்டி போய்விடும். அவர்கள் கேமைப் போலீஸ் கேமாகவே நினைவில் வைப்பார்கள். பகடையை எடுத்துவிடுங்கள். பிடிபடுவதை ஒரு விலையாக வையுங்கள்: ராத்திரி ஆற்றுப் பாதையில் ஒருவர் கை நீட்டுவார், 100 ரூபாய், அடுத்த வாரம் 150. 700-இல் அது போகப்போக, மூன்று ராத்திரி நான்காகும், கணக்கை ஆடுபவரே போட்டுக்கொள்வார். யார் கை என்று திரையில் எழுத வேண்டாம்.